கை நனைக்காமல் ஊர் சுற்றிய நாள்

அன்றைக்கு வேனில் இருந்தது ஆறு பேர். நான், என் மனைவி, எங்கள் ஒரே மகள், கோத்தகிரியிலிருந்து வந்திருந்த அக்கா, அக்காவின் மகன், வேன் ஓட்டிய அலவத்துகொட நானா, அதாவது அந்த ஊர் முஸ்லிம் அண்ணன். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு எங்கள் சொந்தக்காரர்கள் பலர் தாங்களும் கூட இருந்து பார்த்த மாதிரியே பேசினார்கள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. பெரியப்பா மகள். நாங்கள் இருக்கிற கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்துச் சனங்களை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் பெரியப்பா குடும்பமும் கப்பலேறிப் போனது. அப்போது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், நான் கைப்பிள்ளை. போனவர்கள் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் குடியேறி, அங்கேயும் கொழுந்து பறிக்கத்தான் போனார்கள். ரொம்ப காலம் கடிதம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. பிறகு போன் வந்தது. போனில் முதலில் நாங்கள் பேசினோம், அப்புறம் பிள்ளைகள் பேசினார்கள். அக்கா மகன் கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்கிற இடத்தில் வேலையாக இருக்கிறான். அத்தை மகன், மாமன் மகள், முறை சரி. ஒரு வருசத்துக்கு மேல் பேசிய பிறகு மகள் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள், கட்டினால் அவனைத்தான் என்று.

அதற்காகத்தான் அக்கா மகனோடு வந்திருந்தாள். பெண்ணைப் பார்த்து, வீட்டைப் பார்த்து, சரி அல்லது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு. எனக்கு அந்த வார்த்தையை நினைத்து ஒரு மாதமாகத் தூக்கமில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் மகள் என்ன ஆவாள் என்று பயம். சரி என்று சொல்லிவிட்டால் அவளும் பெரியப்பா போன மாதிரிக் கடல் தாண்டிப் போய்விடுவாளே என்று இன்னொரு பயம். எந்தப் பயம் பெரியது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்கள். மனைவி வடை, கேசரி, பால் தேத்தண்ணி எல்லாம் கொண்டுவந்து வைத்தாள். அக்கா தட்டைத் தொட்டு ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"தப்பா நினைக்காத தம்பி. முடிவாகாம பொண்ணு வீட்டுல கை நனைக்கக் கூடாது. எங்க பக்கம் அப்படித்தான்."

கை நனைக்கிறது என்றால் சாப்பிடுவது, தேத்தண்ணியும் அதில் சேர்த்தி. பெண் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டால் சம்மதம் என்று பொருள். இந்த வழக்கத்தை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஆனால் கம்பளை டவுனில் இப்போது யார் பார்க்கிறார்கள்? போன வருசம் மகளைப் பார்க்க மாத்தளையிலிருந்து வந்தவர்கள் வடையைச் சாப்பிட்டு, இன்னும் இரண்டை டிஷ்யூவில் சுற்றிக்கொண்டு போய், மறுநாள் இல்லை என்று சொன்னார்கள். ஆனால் கோத்தகிரியில் வழக்கம் கெட்டிப்பட்டுப் போயிருக்கிறது. தங்குவதற்குக்கூட எங்கள் வீடு வேண்டாம் என்று ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் அறை எடுத்திருந்தாள். போகும்போது வாசலில் நின்று, "நாளைக்கு ராத்திரி கொழும்புக்கு ரயில். பகல்ல ஊரைச் சுத்திக் காட்டு. பிள்ளைங்களும் நாலு வார்த்தை பேசிக்கட்டும்" என்றாள். சரியும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடையில் நின்றவன். இன்றைக்கும் பட்டன், நூல், சிப், லேஸ் விற்கிற சின்னக் கடைதான். கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிய பிறகு, பூட்டினேனா என்று இறங்கித் திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். இப்படிப்பட்டவன் கையில் ஊர் சுற்றிக் காட்டுகிற வேலை வந்தால் என்ன ஆகும்?

முதல் யோசனை: கோத்தகிரிக்காரிக்கு எதைக் காட்டுவது? கண்டிக்கு வருகிற வெளிநாட்டு ஆட்கள் தேயிலை மலையைப் பார்த்தாலே போதும் என்று ஆனந்தப்படுகிறார்கள். அக்கா தேயிலைக்கு உள்ளேயே வாழ்ந்தவள். அருவி என்றால் அங்கேயும் அருவி. மூடுபனி என்றால் அங்கேயும் மூடுபனி. காலையில் மகாவலிக் கரையோரமாக வேன் போகும்போது நானா ஒவ்வொரு மலையாகக் கையை நீட்டிக் காட்டினார். அக்கா ஒவ்வொன்றுக்கும் "எங்க ஊர்லயும் இப்படித்தான்" என்றாள். நான்காவது மலைக்கு நானா கையைக் கீழே போட்டுவிட்டார்.

"மொதலாளி, இந்த அம்மாவுக்குக் கடலத்தான் காட்டணும். கண்டியில கடலுக்கு எங்க போற?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். பட்டன் கடை வைத்திருக்கிறவனை மொதலாளி என்று கூப்பிடுவது அவருடைய கேலி.

பேராதனைப் பூந்தோட்டத்து வாசலில் டிக்கட் எடுக்கிற இடத்தில்தான் என் தலை முதலில் குழம்பியது. உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்காரர்களுக்கு அதைப்போல் பல மடங்கு. நானா யோசனை சொன்னார்: "ரெண்டு பேரும் வாயத் தொறக்காம நின்டா அஞ்சும் லோக்கல் டிக்கட்தான். மூஞ்சில எழுதியா ஈக்கி?" உண்மைதான். அக்காவும் என் மனைவியும் பக்கத்தில் நின்றால் எது இந்தியா, எது இலங்கை என்று யாரால் சொல்ல முடியும்? பேச்சும் கிட்டத்தட்ட ஒரே பேச்சு. ஆனால் அடையாள அட்டை கேட்டால்? பொய் சொல்லி மாட்டிக்கொண்டு, அதை அக்கா பார்த்து, இப்படிப்பட்ட வீட்டிலா பெண் எடுப்பது என்று நினைத்துவிட்டால்?

அக்கா அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டாள். கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். "அதுல என்ன போட்டிருக்கோ அந்த டிக்கட்டை எடு" என்றாள். அதில் பிறந்த இடம் என்று போட்டிருந்த ஊர், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றால் தெரிகிற மலையில் இருந்தது. கவுண்டரில் இருந்த பிள்ளை அதைப் பார்த்தது, அக்காவைப் பார்த்தது, இரண்டு வெளிநாட்டு டிக்கட்டைக் கிழித்தது. இரண்டுக்குமாக ஆறாயிரம். அக்காவிடம் இந்திய நோட்டுதான் இருந்தது. "கண்டி போய் மாத்தித் தர்றேன்" என்றாள்.

நான் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் கவலை பிடித்தது. நம் சல்லியில் அவர்கள் டிக்கட் எடுத்தால் அது கை நனைத்ததில் சேருமா? சேரும் என்றால் நல்லதா? அவளுக்கே தெரியாமல் அவள் வழக்கத்தை மீற வைத்துவிட்டேனா? மனைவியிடம் காதோடு கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டிக்கட்டைத் திங்கவா போறாங்க? சும்மா நடங்க."

தோட்டத்துக்குள் இரண்டு பிள்ளைகளும் முன்னால் போனார்கள், பேசிக்கொண்டு. பனைமரச் சாலையில் அவர்கள் சிரிப்பது கேட்டது. அக்கா எதையும் பெரிதாகப் பார்க்கவில்லை, வௌவால்களைப் பார்க்கும் வரை. ஆற்றோரத்து உயரமான மரங்களில் நூற்றுக்கணக்கில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன, பட்டப்பகலில் இறக்கையை விசிறிக்கொண்டு, ஒன்றோடொன்று சண்டை பிடித்துக்கொண்டு. அக்கா கழுத்து வலிக்கிற அளவுக்கு அண்ணாந்து நின்றாள். "இது எங்க ஊர்ல இல்ல" என்றாள். எனக்கு ஒரு வெற்றி கிடைத்தது போல இருந்தது. உடனே, கல்யாணக் காரியமாக வந்தவர்களுக்கு வௌவாலைக் காட்டிவிட்டோமே, இது சகுனத்தில் எப்படி என்ற யோசனை வந்தது. மனைவியிடம் கேட்கவில்லை.

கண்டியில் அக்கா காசு மாற்றினாள். மாற்றிய கையோடு ஒரு சைவக் கடையில் தங்கள் இரண்டு பேருக்கும் சோத்துப் பார்சல் வாங்கிக்கொண்டாள். என் மனைவி விடியற்காலையில் எழுந்து ஆறு பேருக்குச் சமைத்து அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள். ஹந்தானை மலை ஏறுகிற வழியில், பைன் மரங்களுக்குக் கீழே வேனை நிறுத்திச் சாப்பிட்டோம். எங்கள் பாயில் நாங்கள் நாலு பேர். கொஞ்சம் தள்ளி அவர்கள் பாயில் அவர்கள் இரண்டு பேர். கீழே கண்டி நகரம் கிண்ணத்தில் போட்ட மாதிரிக் கிடந்தது. அழகான இடம்தான். நான் அதையா பார்த்தேன்? அக்காவின் கையைத்தான் பார்த்தேன். மனைவி கத்தரிக்காய்க் குழம்புப் பாத்திரத்தைத் திறந்ததும் அக்கா ஒரு தடவை மூச்சை இழுத்த மாதிரி இருந்தது. பிறகு தன் பார்சலைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவள் மகன் இந்தப் பாயை இரண்டு தடவை பார்த்தான், அவன் அம்மா அவனை ஒரு தடவை பார்த்தாள், அதோடு சரி. நானா மட்டும் எந்தக் குழப்பமும் இல்லாமல் இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆறாயிரத்தைப் பற்றி அக்கா பேசவில்லை. நானும் கேட்கவில்லை. மறந்திருப்பாளா? மறக்கிற ஆள் மாதிரித் தெரியவில்லையே.

அதற்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரி இருக்கிறது. ஆட்களைக் கூட்டிப் போய்ச் சுற்றிக் காட்டுகிறார்கள். இங்கே அக்கா முந்திக்கொண்டு தன் இரண்டு டிக்கட்டுக்குத் தானே காசு கொடுத்தாள். உள்ளே ஒரு பிள்ளை சிங்களத்திலும் இங்கிலீஷிலுமாக விளக்கம் சொன்னது, மகள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். கொழுந்தை வாட்டுகிற நீளத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே அக்கா கொட்டாவி விட்டாள். எனக்கு அதுவும் கவலையாக இருந்தது.

சுற்றி முடித்ததும் கடைசியில் ஒரு கூடத்தில் உட்கார வைத்தார்கள். கண்ணாடி வழியாகப் பச்சை மலை தெரிந்தது. நானா வெளியே வேனில் இருந்தார், எங்களுக்கு ஒரு தட்டில் ஐந்து கோப்பைத் தேத்தண்ணி வந்தது. டிக்கட் எடுத்த எல்லோருக்கும் கொடுப்பது. நான் அக்காவையே பார்த்தேன். அக்கா ஒரு கோப்பையை எடுத்தாள், ஊதினாள், குடித்தாள். முழுவதும் குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் வாயைத் துடைத்தாள்.

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். ஒரே மேசை, ஒரே தட்டு, நாங்கள் கூட்டிக்கொண்டு வந்த இடம். குடித்துவிட்டாளே. மனைவி மெல்ல எழுந்து வெளியே போனாள். பின்னாலேயே நான் போனேன். "மதினி குடிச்சிட்டாங்க" என்றாள், கண்ணில் தண்ணீர். நானும் ஆமாம் என்றேன். ஆமாம் என்று சொன்னது நான்தான், அதை மறைக்கப் போவதில்லை. அவள் மாத்தளையில் இருக்கிற தன் தம்பிக்கு போன் போட்டாள்.

வேன் திகன தாண்டித் தெல்தெனியப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, விக்டோரியா அணையைக் காட்ட. மனைவியின் போன் அடித்தது. அவள் போன் எப்போதும் ஊருக்கே கேட்கிற மாதிரித்தான் பேசும். அவள் தம்பியின் குரல் வேன் முழுக்கக் கேட்டது.

"அக்கா, தேதி எப்ப வைக்கிறீங்க? தையிலயா, சித்திரையிலயா? நான் மண்டபம் கேட்டுப் பாக்கவா?"

மனைவி போனைப் பொத்தினாள். நானா கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டார்.

"என்ன தேதி?" என்று அக்கா கேட்டாள்.

ஃபேக்டரியில் நீங்கள் தேத்தண்ணி குடித்தீர்கள், அதனால் நாங்கள், அதாவது இவள், அதாவது நான், என்று எங்கே தொடங்கி எங்கே முடித்தேன் என்று தெரியவில்லை. அக்கா கடைசிவரை கேட்டாள்.

"நான் குடிச்சது கம்பெனிக்காரன் குடுத்தது. என் டிக்கட்டுக்கு நான் காசு கட்டி, அதுக்கு அவன் குடுத்தது. அது உன் வீட்டுத் தேத்தண்ணியா தம்பி?"

அதட்டலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் வலித்தது. சொன்னது நியாயம். அவள் டிக்கட்டை அவள்தானே எடுத்தாள், நானே பார்த்தேனே. அவள் மகன் காது சிவந்து உட்கார்ந்திருந்தான். என் மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. ஒரு கோப்பைத் தேத்தண்ணியை வைத்து அவள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அணையைப் பார்க்கிற மேட்டில் எல்லோரும் இறங்கினோம். கீழே தண்ணீர் பச்சையாக, அசையாமல் நின்றது. பழைய தெல்தெனிய டவுன் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கிறது என்று நானா சொன்னார். "எங்க ஊர்லயும்" என்றுகூட அக்கா சொல்லவில்லை. வெயில் நெற்றியில் அடித்தது. அக்கா தனியாகப் போய் ஒரு சிமெண்டு இருக்கையில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த எவர்சில்வர் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டாள். ஃபேக்டரித் தேத்தண்ணியை விட்டால் காலையிலிருந்து அவள் குடித்ததெல்லாம் அதிலிருந்துதான். ஊரிலிருந்து தூள் கொண்டுவந்து லாட்ஜில் போட்ட தேத்தண்ணி.

அப்போது என் மகள் நடந்து போனாள். நான் கூப்பிடப் பார்த்தேன், மனைவி என் கையைப் பிடித்தாள். மகள் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, எனக்குத் தாகமா இருக்கு. அதுல இருக்கா?"

அக்கா அவளைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அந்த வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் குடிப்பதைப் பற்றித்தான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். பெண்ணே வந்து மாப்பிள்ளை வீட்டு ஃபிளாஸ்க்கில் கேட்டால் அதற்கு என்ன பொருள்? அப்பா அதைச் சொன்னதில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் மூடியைத் திருகிய கை பாதியில் நின்றது. பிறகு திருகித் திறந்து, மூடியிலேயே ஊற்றிக் கொடுத்தாள். மகள் வாங்கி மெதுவாக, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"நல்லா இருக்கு. ஆனா சீனி கூட" என்றாள்.

அக்கா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "அங்க கூடத்தான் போடுவோம். பழகிக்க வேண்டியதுதான்" என்றாள்.

பழகிக்க வேண்டியது யார்? பொதுவாகச் சொன்னாளா, மகளைச் சொன்னாளா? மனைவி என் கையை நெரித்தாள். நானா பக்கத்தில் வந்து, "இப்ப போன் கீன் எடுக்காம இரிங்க மொதலாளி. நெட்வொர்க்கும் நல்லா ஈக்கிது" என்றார். நான் சட்டைப் பையில் இருந்த போனை எடுத்து அணைத்தே வைத்துவிட்டேன்.

கண்டி ஸ்டேஷனுக்கு வந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. அக்கா ஒரு பக்கமாக என்னைக் கூப்பிட்டுக் கணக்குப் பார்த்தாள். வேன் கூலியில் தங்கள் பங்கை எண்ணிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லவும் பயம், வாங்கவும் பயம், வாங்கிக்கொண்டேன். இப்படி ஒவ்வொன்றாக நேர் செய்துகொண்டே போகிறாளே, எல்லாம் தீர்ந்ததும் இல்லை என்று சொல்லிவிட்டு ரயிலேறப் போகிறாளோ என்று தோன்றியது. கைப்பையை மூடினாள். தோட்டத்து டிக்கட்டைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மறந்துவிட்டு, பிறகு நினைவு வந்து, தம்பி கேட்கவே இல்லையே, நம்மைக் கடன்காரி ஆக்கிவிட்டானே என்று கோபப்பட்டால் என்ன செய்வது?

"அக்கா, அந்தத் தோட்டத்து டிக்கட்டு" என்று இழுத்தேன்.

"ஞாபகம் இருக்கு" என்றாள். "அதை இப்ப தர மாட்டேன். ஒரு பாக்கி இருந்தாத்தான் மறுபடி வரணும்னு இருக்கும்."

ரயில் வந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள், பார்க்காமல் நிற்பதிலேயே எல்லாம் தெரிந்தது. அக்கா ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக மகளின் கன்னத்தைத் தொட்டாள். சரி என்ற சொல் வரவில்லை.

திரும்பி வரும் வழியில் வேனில் பெரிய வாக்குவாதம். மனைவிக்கு அது சம்மதம்தான், சந்தேகமே இல்லை. சம்மதம் என்றால் வாயால் சொல்ல என்ன கஷ்டம் என்று நான் கேட்டேன். பெரியவர்கள் அப்படித்தான், ஊருக்குப் போய் நாலு பேரிடம் கேட்டுத்தான் சொல்வார்கள் என்றாள். நானா தன் பங்குக்கு, கடன் வைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்ததைத் தன் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை என்றார். மகள் போனில் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தாள், யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை.

இப்போது மழைக்காலம் முடிந்து வெயில் வந்துவிட்டது. அக்கா இரண்டு தடவை போன் எடுத்தாள். முதல் தடவை வௌவால்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றனவா என்று கேட்டாள். இரண்டாவது தடவை என்னிடம் பேசவே இல்லை, நேரே என் மனைவியைக் கேட்டு வாங்கி, "அன்னைக்குக் கத்தரிக்காயில என்ன போட்ட? வாசம் இங்க வந்தும் போகல. நான் வர்றப்ப செய்" என்றாள். மனைவி அன்றைக்கே புதுப் பாத்திரம் வாங்கிவிட்டாள். மகள் தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டுக் குடிக்கிறாள். எனக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை. வர்றப்ப என்றால் எப்போது? வந்தால் முதலில் பாக்கியைக் கொடுப்பாளா, முதலில் சாப்பிட உட்காருவாளா? பாக்கியை முதலில் கொடுத்துவிட்டால் நான் என்ன நினைத்துக்கொள்ள வேண்டும்? தூக்கம் வராவிட்டால் இதைத்தான் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தோட்டத்து டிக்கட் வகையில் அக்கா எனக்கு இன்னும் தர வேண்டியது ஆறாயிரம் ரூபாய்.